வாவி ஒன்று, கொள்வோர் பலர்

மட்டக்களப்பு என்னும் பெயருக்கு அறிஞர் பலவாறு பொருள் உரைப்பர். மட்டமான களப்பு என்பது அவற்றுள் பெருவழக்கு. எவ்வாறு உரைப்பினும் வருமொழி களப்பே. அஃதாவது கடலோடு உறவாடும் ஆழங்குறைந்த நீர்நிலையே. நாட்டுக்குப் பெயரை ஈந்தது அந்நீர்நிலை. பெயரை ஈந்த நீருக்கு நாடு திருப்பி யாது ஈந்தது? இதுவே இக்கட்டுரையின் வினா.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே, வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது நம் வாவி. மேற்கேயிருந்து வரும் ஆறுகளும், குளங்களின் மிகைநீரும், வயல்களின் வடிநீரும் இதனுள் வந்து விழுகின்றன. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தின் வழியாகவும் தெற்கே கல்லாற்றின் வழியாகவும் இது கடலோடு கலக்கிறது. விபுலானந்த அடிகள் நீரரமகளிரின் இன்னிசையைப் பாடுதற்கும் இவ்வாவியின் பாடும் மீன்களே தூண்டுகோலாயின என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர்.

இதன் ஓரத்தே நிற்பன கண்டல் மரங்கள். கண்ணா, கிண்ணை, தில்லை என நம்மூரார் இனம் பிரித்துச் சொல்வர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரமும் இவ்வினத்ததே. இம்மரங்களின் வேர்ச்செறிவினுள் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் பதுங்கி வளர்கின்றன. ஆதலின் மீனவர்க்குப் பயன். கரைமண் கரையாது நிற்கிறது. புயலின்போது அலையின் வேகம் தணிகிறது. ஆதலின் கரையோரக் குடிகளுக்கும் நகரத்துத் தெருக்களுக்கும் பயன். வயல்களிலிருந்து வடியும் உரநீர் ஓரளவு தூய்மையாகிறது. பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றைக் காண வருவோரால் விடுதிகளுக்கு வருவாய் உண்டாகிறது. இவையன்றி, காற்றிலுள்ள கரியைக் கண்டல் உறிஞ்சிச் சேற்றுள் புதைத்துவைக்கிறது. இந்து, பசிபிக் மாகடல்களின் கண்டற்காடுகளை ஆராய்ந்தோர், ஓர் எக்டேயரில் சராசரியாக ஆயிரம் தொன் அளவுக்குக் கரி சேர்ந்திருப்பதாக 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பயன் நமக்கு மட்டுமன்று; உலகம் முழுவதற்கும் உரியது.

நெய்தற்றிணையின் கருப்பொருளைப் பாடஞ்சொல்லும்போது இவற்றையெல்லாம் நான் வகுப்பிலே விரித்துரைப்பது வழக்கம். ஒருமுறை, வாவிக்கரை ஊரொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: “அப்ப சேர், வெட்டாம விட்டதுக்கு எங்கட அம்மாவுக்கு ஆர் கூலி தருவாங்க?” அவள் தாய் விறகு பொறுக்கி விற்பவர். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. ஆனால் உலகத்துப் பொருளியலறிஞர் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வினா அது. வெட்டினால் விறகுக்கு விலை உண்டு. வெட்டாமல் விட்டால் பிறரெல்லாம் பயனுறுவர், விட்டவர்க்கோ அடுப்பெரியாது.

ஈகையும் அன்று, வெறும் விலையும் அன்று

இயற்கையைக் காத்து நிற்போர்க்கு அதனாற் பயன்பெறுவோர் பொருள் கொடுத்தலைச் ‘சுற்றாடற் சேவைக்கான கொடுப்பனவு’ என்பர். மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா 1996ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றிற்று. கரியை அடக்குதல், நீரைக் காத்தல், பல்லுயிரைப் பேணுதல், காட்சியழகு என்னும் நான்கையும் காடு செய்யும் சேவைகளாக அச்சட்டம் ஏற்றது. காட்டை அழியாது வைத்திருக்கும் நிலக்காரர்க்கு, எரிபொருள் வரியிலிருந்து பெரும்பாலும் திரட்டிய நிதியைக்கொண்டு அந்நாடு பணம் கொடுத்து வருகிறது.

இக்கொடுப்பனவை எவ்வினத்துள் அடக்குவது? வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வகுத்தார். ஈகை வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்வோன் தன் கடப்பாடென உணர்ந்து செய்வது. வாவிக்குக் கொடுப்பதை ஈகையென்றால், காப்போரை இரவலராக்கிவிடுகிறோம். விலையென்றே கொண்டாலோ, கொடுப்பவர் கையை மடக்கிய அன்றே மரத்தை வெட்டலாம் என்றாகிவிடும். ஒப்புரவென்று கொள்வதே பொருந்தும். பயனுற்றோர் தம் பங்கைக் கடனாகக் கொடுத்தலும், காப்போர் அதனை உரிமையாகப் பெறுதலும் அதனுள் அடங்கும்.

பலர் கொள்ளுமிடத்து வரும் இடர்

கொள்வோன் ஒருவனாயின் வழக்கு எளிது. நம் வாவியிலோ கொள்வோர் பலர்; ஒவ்வொருவரும் கொள்ளும் பயனும் வேறுவேறு. இங்கே மூன்று இடர்கள் தோன்றுகின்றன.

முதலாவது, ஒருவரையொருவர் பார்த்திருத்தல். விடுதிக்காரர் கொடுக்கட்டும் என்று நகரசபை இருக்கும். நகரசபை கொடுக்கட்டும் என்று மீனவர் சங்கம் இருக்கும். அயல்நாட்டார் கொடுப்பர் என்று அனைவரும் இருப்பர். காடு ஒருவர் பொருட்டாகக் காக்கப்பட்டாலும் பயன் எல்லார்க்கும் வந்துவிடுமாதலால், கொடாதிருப்பதே கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஈற்றில் காடு இராது.

இரண்டாவது, ஒருவர் செய்வதை மற்றவர் அறியாது தனித்தனியே செய்தல். இதன் பயனை இலங்கை நன்றாகக் கண்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்ப் பல நிறுவனங்கள் கடலோரமெங்கும் கண்டற் கன்றுகளை நட்டன. அந்நடுகைகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று வருந்தத்தக்க செய்தியைச் சொல்கிறது. ஆராய்ந்த 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. ஏறக்குறைய 1,000 முதல் 1,200 எக்டேயர் வரை முயன்றதில், தேறியது 200 முதல் 220 எக்டேயரளவே. இடமறியாது நட்டதும், நட்டபின் பேணாததும் காரணங்கள். பணம் குறைந்ததால் வந்த தோல்வி என்று இதனைச் சொல்ல இயலாது. நட்ட கணக்குக்குக் கொடுப்போர் பலர் இருந்தனர். ஐந்தாம் ஆண்டில் நின்று பார்த்தற்குக் கொடுப்போர் இல்லை என்றே நான் இதனைப் படிக்கிறேன்.

மூன்றாவது, ஒருவர் வேண்டுவது மற்றவர்க்கு மாறாதல். மாரியில் வெள்ளம் பெருகும்போது, முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிட வேண்டுமென வயல்வெளியிலிருந்து கோரிக்கை எழும். நீர் சட்டென்று இறங்கினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று தோணிகளின் பக்கத்தில் கவலை எழும். இருவரும் வாவியாற் பயன்பெறுவோரே. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இருவரும் தனித்தனியே ஒரே காவலாளிக்குக் கூலி கொடுத்தால், அவன் யார் சொல்லைக் கேட்பான்?

உம்மைத்தொகையின் பாடம்

இவ்விடர்களுக்குத் தீர்வு என்ன? இலக்கணம் கற்பிக்கும் எனக்கு உம்மைத்தொகை நினைவுக்கு வருகிறது. சேர சோழ பாண்டியர் என்னுமிடத்து மூவரும் தத்தம் பெயரை இழக்கவில்லை. ஆயினும் ஈற்றில் நிற்கும் பலர்பால் விகுதி ஒன்றே மூவரையும் கட்டுகிறது. கொள்வோர் பலர் கூடுங்கூட்டமும் அவ்வாறிருத்தல் வேண்டும். மீனவர் மீனவராகவும், வேளாண்மை செய்வோர் வேளாண்மை செய்வோராகவும், விடுதியார் விடுதியாராகவும் தத்தம் பயனைச் சொல்லி நிற்கலாம். ஆனால் கொடுக்கும் பெட்டியும், காப்போருடன் செய்யும் உடன்படிக்கையும், கணக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

இவ்வாறு கூடியோர் உலகில் உளர். பொலிவியாவிலுள்ள லொஸ் நெக்ரொஸ் பள்ளத்தாக்கில், மலைமேற் காட்டை 2003ஆம் ஆண்டு முதல் இருவேறு தரத்தார் சேர்ந்து காத்தனர். கீழே நீர்பாய்ச்சுவோர் பொருட்டாகப் பம்பகிராந்தே நகராட்சி கொடுத்தது; அவர்க்கு வேண்டியது நீர். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பறவைகள் பொருட்டாக அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் திணைக்களம் கொடுத்தது. அதற்கு வேண்டியது பறவைகளின் உறைவிடம். இருவரும் கேட்டது ஒரே காட்டை. உள்ளூர் அறக்கட்டளையொன்று இடைநின்று இரு கொடையையும் ஒன்றாக்கி, பத்து எக்டேயர் காட்டை ஓராண்டு காத்தவர்க்கு ஒரு தேனீப்பெட்டியும் அதனைப் பேணும் பயிற்சியும் கொடுத்தது. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் 46 விவசாயிகள் 2,774 எக்டேயரைக் காத்துவந்தனர். நீர் வேண்டினோரும் பறவை வேண்டினோரும் ஒருவரையொருவர் கண்டிருக்கமாட்டார். ஆயினும் ஒரே தேனீப்பெட்டியில் இருவர் பங்கும் கலந்திருந்தது.

எக்குவடோரின் தலைநகராகிய கித்தோவின் முறை வேறு. 2000ஆம் ஆண்டில் அந்நகரின் நீர்வழங்கு நிறுவனமும் அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றும் கூடி, எண்பதாண்டுக் காலத்துக்கு ஒரு நிதியத்தை நிறுவின. பின்னர் மின்சார நிறுவனமும், மதுபானத் தொழிலகமும், போத்தல் நீர் விற்கும் நிறுவனமும் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. யாவர்க்கும் மலைநீரே முதல். முதலைச் செலவிடாது, அதன் வருவாயைக்கொண்டு மலைப்புல்வெளிகளைக் காப்பதே அவர்கள் கண்ட வழி. ஒருவர் தொடங்க, மற்றவர் நம்பிக்கை கொண்டு பின்வந்தமை இங்கே கருதத்தக்கது. எல்லாரும் கூடிய பின்னரே தொடங்குவோம் என்றிருந்தால் அந்நிதியம் பிறந்தேயிராது.

நம்மிடம் இல்லாததா?

அயல்நாட்டு வழக்கை இங்கே ஒட்ட முயல்கிறேன் என்று யாரும் கருதவேண்டா. பலர் கூடி ஒரு காவலுக்குக் கொடுத்தல் மட்டக்களப்புக்குப் பழையது. வயல்வெளியில் வட்டை விதானையை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலின் நீரைப் பங்கிடுவதும், வேலியடைப்பைப் பார்ப்பதும், கட்டாக்காலி மாடுகளைத் தடுப்பதும் அவர் பணி. அவர்க்குரிய பங்கை, வெள்ளாமை வெட்டியபின் வட்டையிலுள்ளோர் அனைவரும் தத்தம் காணியளவுக்கு ஏற்ப நெல்லாகக் கொடுத்தனர். பெரிய போடியார்க்குக் கூடிய பங்கு. சிறிய காணிக்காரர்க்குக் குறைந்த பங்கு. கொடாதிருப்பவர் ஊரார் கண்ணுக்குத் தப்ப இயலாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் வட்டை விதானை என்னும் பெயர் நம்மவர் நாவினின்று நீங்கவில்லை. நீர்ச்சேவைக்குப் பலர் கூடிக் கொடுத்த கொடுப்பனவு இதுவன்றி வேறென்ன?

கோயில்களையும் பாருங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் முதலாய பெருங்கோயில்களில் திருவிழாக்களைக் குடிகளும் ஊர்களும் பங்கிட்டு ஏற்கின்றன. வண்ணக்கர் கணக்குப் பார்க்கின்றனர். தேர் வடத்தைப் பிடிக்கும்போதோ பங்கு பார்ப்பாரில்லை. எல்லாரும் இழுத்தாலன்றித் தேர் அசையாது. முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களிலும் குடிக்கொரு மரைக்காயர் நின்று பொதுக்காரியம் பார்த்த முறைமை உண்டு. பங்கு வகுத்தலும், கொடுத்தலும், கணக்குக் காட்டலும் நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியவை அல்ல.

ஆயினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. வட்டைக்குள் வயற்காரரே உள்ளனர், மீனவர்க்கு இடமில்லை. கோயிற் பங்கிலே குடியும் சாதியும் பார்த்து, சிலர்க்கு முன்னுரிமையும் சிலர்க்குப் புறக்கடையுமாக வைத்தனர் நம் முன்னோர். மரியாதை பற்றிய வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றதுமுண்டு. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு கூட்டத்தாரதே. வாவியோ தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஊர்களை ஒரே நீரால் தொடுகிறது. அதனுள் விழும் நீரிற் பெரும்பங்கு மேற்கே சிங்கள மக்களும் வாழும் நிலங்களினூடே வருகிறது. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர் இவ்வூர்களிடையே மூட்டிய ஐயம் இன்னும் முற்றாக அணையவில்லை. ஆகவே வாவிக்கு வேண்டியது, நம் பழைய பெட்டிகளிலும் பெரியதொரு பெட்டி. முறை பழையதாயிருக்கலாம், வாயில் புதியதாயிருத்தல் வேண்டும்.

2015இல் நிகழ்ந்தது

அத்தகைய பெட்டிக்கு அண்மையில் வந்த முயற்சியொன்று இலங்கையிலேயே உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவைச் சார்ந்த சீகோலஜி என்னும் அமைப்பும், சிலாபத்தைச் சார்ந்த சுதீச என்னும் அமைப்பும், இலங்கை அரசும் மூன்றாய்க் கூடின. நாட்டின் கண்டற்காடு முழுவதையும், 48 களப்புகளை அடுத்த ஏறக்குறைய 8,815 எக்டேயரை, காத்தல் நோக்கம். ஐந்தாண்டுக்கு 34 இலட்சம் அமெரிக்க டொலர் என மதிப்பிட்டனர். 1,500 ஊர்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பது; அதற்கீடாக ஒவ்வோர் ஊரும் தன் அருகேயுள்ள கண்டலைக் காப்பது; இதுவே உடன்படிக்கை. சட்டமும் வனக் காவலும் அரசின் பங்கு. பொருள் சீகோலஜியின் பங்கு. ஊர்தோறும் நின்று நடத்தல் சுதீசவின் பங்கு.

என் மாணவியின் வினாவுக்கு நான் கண்டவற்றுள் மிக அணித்தான விடை இதுவே. விறகு வெட்டும் தாய்க்கு, வெட்டாதிருப்பதற்கு ஈடாக வேறு பிழைப்பு வைத்தது இத்திட்டம். கடனாகக் கொடுத்தமையால் திரும்பிய பணம் மற்றொருத்திக்குச் செல்லவும் வழி உண்டாயிற்று. மூவர் கூடியும் பெட்டி ஒன்றாயிருந்தது இதன் சிறப்பு.

ஆனால் கூடியோர் யார் என்று நோக்குங்கால் ஒரு வெற்றிடம் தெரிகிறது. கொடுத்தவர் கடல் கடந்தவர். சட்டம் செய்தவர் தலைநகரத்தார். அன்றாடம் கண்டலாற் பயனுறும் மீன் வணிகர், இறால் ஏற்றுமதியாளர், விடுதியார், நகரசபை, வாவிக்கு நீரை வடிக்கும் வேளாண்மை செய்வோர் ஆகிய நாம் அந்த உம்மைத்தொகையுள் இல்லை. ஐந்தாண்டுக்கென வகுத்த பொருள் என்றோ ஒருநாள் முடியும். அயலார் கொடை நிற்கும் நாளில், பெட்டியில் உள்ளூர்ப் பங்கு ஒன்றுமில்லையாயின், உடன்படிக்கை ஏட்டில் மட்டும் நிற்கும்.

பங்கு வகுக்கும் முறை

நம் வாவிக்கு இத்தகைய பெட்டி ஒன்று அமையுமாயின் நான்கு செய்திகளை முன்னரே உறுதி செய்தல் வேண்டும்.

பயனளவுக்கு ஏற்பப் பங்கு வகுத்தல் ஒன்று. வட்டையிற் காணியளவு போல, விடுதிக்கு அறையளவும், வணிகர்க்கு ஏற்றும் மீனின் நிறையும் அளவாகலாம். தோணி ஒன்றே உடைய மீனவர் பணமாகவன்றிக் காவலாகவே தம் பங்கைச் செலுத்தலாம்.

பெரும்பொருள் கொடுப்போன் தன் சொல்லே சட்டமென நில்லாதிருத்தல் இரண்டாவது. விடுதிக்காரர்க்கு நீர்க்காட்சி தெரிய மரம் தாழ்ந்திருக்க வேண்டும். மீனவர்க்கு மரம் செறிந்திருக்க வேண்டும். பணத்தின் எடையால் மட்டும் முடிவு செய்தால் மரம் தாழும், மீனும் குறையும். முகத்துவாரம் வெட்டும் நாளும் அவ்வாறே. வயலாரும் தோணியாரும் ஒரே அவையில் இருந்து, எந்நீர்மட்டத்தில் வெட்டுவது என்று மாரிக்கு முன்னரே பேசி முடித்தல் நலம். வெள்ளம் கழுத்தளவு வந்தபின் பேசும் பேச்சில் நியாயம் நிலைப்பதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு பயனை இருமுறை விற்காதிருத்தல் மூன்றாவது. கரியின் பொருட்டுப் பணம் கொடுக்கும் அயல்நாட்டு வணிகர், ‘எம் பொருள் வாராதிருந்தால் இக்காடு அழிந்திருக்குமா?’ என்று கேட்பர். முன்னரே மற்றொருவர் பொருளால் காக்கப்பட்ட காட்டை மீண்டும் காத்ததாகக் காட்டினால் அது பொய்க்கணக்கு. எவர் பங்கு எதற்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

நான்காவதே தலையாயது. காப்போர் அவைக்கு வெளியே கூலிக்கு நிற்போராகாது, அவையினுள் அமர்வோராதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை, வண்ணக்கர் கணக்குக் காட்டுமாறு போல, வாவிக் கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் ஊரறியப் படித்தல் வேண்டும். யார் கொடுத்தார், யார் கொடாதிருந்தார், எத்தனை மரம் நிற்கிறது என்பது யாவர் செவியிலும் விழட்டும். நாணம் என்னும் நற்காவல் சட்டத்தினும் வலியது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நெய்தலைப் பாடமாக மட்டும் நடத்தாமல், மாணவரைக் கரைக்கு அழைத்துச்சென்று, இம்மரத்தால் யார் யார் பயனுறுகின்றனர் என்று பட்டியல் எழுதச் செய்யலாம். கொள்வோர் பெயரை வரிசையாக எழுதியபின், அவர்களைக் கட்டும் ஒரு விகுதியைத் தேடும்படி சொல்லலாம். இன்று பட்டியல் எழுதும் பிள்ளைகள் நாளை நகரசபையிலும், சங்கங்களிலும், விடுதிகளிலும், வயல்களிலும் அமர்வார்கள். அப்போது அவர்களுள் ஒருவர் எழுந்து, “என் பங்கு எவ்வளவு?” என்று முதலிற் கேட்பாராயின், பின்வருவோர் தாமே வருவர். பெயரை ஈந்த நீர்நிலைக்கு நாடு செலுத்தும் கடன் அக்கேள்வியிலிருந்தே தொடங்கும்.